கேம்பர் வேன் கூரையில் சோலார்: வயர் இழுப்பது முதல் ஃபியூஸ் போடுவது வரை

வேன் சோலார் வேலையில் ஃபியூஸைப் பற்றிப் பெரும்பாலோர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கூரையில் பேனல் உட்கார்ந்தாயிற்று, கன்ட்ரோலர் மாட்டியாயிற்று, பேட்டரியும் சார்ஜ் ஏறுகிறது. "ஆமா, ஃபியூஸ் எங்கே போடணும்?" என்ற கேள்வி அப்புறம் வருகிறது. கூரையிலிருந்து இறங்கும் வயரில் ஒன்றைப் போட்டுவிட்டு, பேட்டரி பக்கம் எதுவுமே இல்லாமல் விட்ட வண்டிகள் நிறைய ஓடுகின்றன. தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் இருப்பது பேட்டரி பக்கத்தில்தான். ஆகவே இந்த வழிகாட்டி கூரையில் தொடங்கினாலும் அதிக நேரம் பேட்டரி அருகில்தான் நிற்கும்.

கணக்குக்கு ஒரு நடைமுறை அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஃபோர்ஸ் டிராவலர் அளவு வேன். கூரையில் 200 வாட் பேனல் இரண்டு. உள்ளே 12.8 வோல்ட், 100 ஆம்ப் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. விக்ட்ரான் கம்பெனியின் 100/30 வகை எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் தருவதை பேட்டரிக்கேற்ற சார்ஜாக மாற்றும் கருவி). அதாவது பேனல் பக்கம் 100 வோல்ட் வரை தாங்கும், பேட்டரிக்கு 30 ஆம்ப் வரை கொடுக்கும். மிக்ஸி ஓடும் அளவுக்கு 1000 வாட் இன்வெர்ட்டர். உங்கள் அமைப்பு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு போடும் முறை இதேதான்.

பேனல் லேபிளை முதலில் படியுங்கள்

பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் லேபிளில் நமக்கு ஐந்து எண்கள் வேண்டும். எதையும் இணைக்காதபோது வரும் வோல்ட்டேஜ், அதாவது ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ்: 200 வாட் பேனலுக்குச் சுமார் 24.3. வேலை செய்யும்போது வரும் வோல்ட்டேஜ்: சுமார் 20.4. வேலை செய்யும்போது ஓடும் கரண்ட்: 9.8 ஆம்ப். ஷார்ட் ஆனால் ஓடும் கரண்ட்: 10.2 ஆம்ப். ஐந்தாவது, "அதிகபட்ச சீரீஸ் ஃபியூஸ்" என்று போட்டிருக்கும் எண்: பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்ப். நம் பேனலுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்யும்போது 9.8 ஆம்ப். பாசிட்டிவையும் நெகட்டிவையும் நேராகச் சேர்த்து ஷார்ட் செய்தாலும் 10.2 ஆம்ப்தான். பேனலால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் தர முடியாது. அப்படியானால் அந்த வயரில் 15 ஆம்ப் ஃபியூஸ் போட்டால் அது என்றைக்கு எரியும்? ஷார்ட் ஆனாலும் எரியாது. 10.2 ஆம்பை எவ்வளவு நேரமானாலும் சூடாகாமல் சுமக்கும் வயரைப் போட்டுவிட்டால் அங்கே ஃபியூஸுக்கு வேலையே இல்லை.

பேட்டரி கதை வேறு. நல்ல லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை சில மில்லி ஓம்தான். 13 வோல்ட்டை 4 மில்லி ஓமால் வகுத்தால் 3,000 ஆம்பைத் தாண்டுகிறது. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட், அதை வெட்டிவிடும் என்பார்கள். வெட்டலாம். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு எலெக்ட்ரானிக் ஸ்விட்சை மட்டும் நம்பித் தூங்கப் போவது எனக்கு உடன்பாடு இல்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, மாட்டியிருக்கும் கருவியை அல்ல. வயரைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சும் சக்தி எந்த முனையில் இருக்கிறதோ, அந்த முனையில்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

சீரீஸா, பேரலலா

இரண்டு பேனலையும் சீரீஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, போட்டால் வோல்ட்டேஜ் கூடும்: 40.8 வோல்ட், 9.8 ஆம்ப். பேரலலில், அதாவது பக்கம் பக்கமாக, போட்டால் கரண்ட் கூடும்: 20.4 வோல்ட், 19.6 ஆம்ப். வாட் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் வயருக்கு இரண்டும் ஒன்றல்ல. கூரையிலிருந்து கன்ட்ரோலர் வரை 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் சோலார் கேபிளின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 5 மில்லி ஓம், ஆக மொத்தம் 50 மில்லி ஓம். சீரீஸில் அரை வோல்ட் இழப்பு, 40 வோல்ட்டில் அது சுமார் 1.2 சதவீதம். பேரலலில் ஒரு வோல்ட் இழப்பு, அதுவும் 20 வோல்ட்டில். சுமார் 5 சதவீதம். அதே கேபிளில், அதே வெயிலில்.

சீரீஸுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விக்ட்ரான் கன்ட்ரோலர்கள் சார்ஜிங்கைத் தொடங்க பேனல் வோல்ட்டேஜ் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேனல் 70 டிகிரியைத் தொடும்போது அதன் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். பேரலலில் அந்த இடைவெளி குறுகிப்போகும், சீரீஸில் தாராளமாக இருக்கும்.

பேரலல் ஜெயிக்கிற இடம் நிழல். கூரை நடுவில் ஏசி அல்லது வென்ட் ஃபேன் இருந்து, அதன் நிழல் ஒரு பேனல் மீது மட்டும் விழுமானால், பேரலலில் மற்ற பேனல் தன் போக்கில் முழுதாகக் கொடுக்கும். சீரீஸில், நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டைக் கடத்தும் பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், ஆனால் இழப்பு உண்டு. மரத்தடியில் நிறுத்தியே பழகியவர் பேரலல் போடலாம், அப்போது கேபிளை 6 ஸ்கொயருக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு என் சிபாரிசு சீரீஸ். இனி வரும் கணக்கெல்லாம் அதற்குத்தான்.

சீரீஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: குளிர். பேனல் குளிர்ந்தால் வோல்ட்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.28 சதவீதம். லேபிளில் உள்ள எண் 25 டிகிரிக்கானது. இரண்டு பேனல் சீரீஸில் 48.6 வோல்ட், லடாக்கில் மைனஸ் 20 டிகிரி காலையில் அது சுமார் 55 ஆகும். 100 வோல்ட் கன்ட்ரோலருக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் யாராவது மூன்று பேனலை சீரீஸில் போட்டு 75 வோல்ட் கன்ட்ரோலரில் சொருகினால்? சென்னையில் 72.9, வரம்புக்குள் இருப்பதுபோலத் தெரியும். கொடைக்கானலில் 5 டிகிரி காலையில் சூரியன் எட்டிப் பார்த்ததும் 77. கன்ட்ரோலர் அன்றோடு காலி. ஃபியூஸ் இதைத் தடுக்காது, ஏனென்றால் இது கரண்ட் பிரச்சினை இல்லை.

மூன்று பேனல் பேரலலில் இருந்தால் மட்டும்

கூரை ஃபியூஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. மூன்றில் ஒரு பேனலுக்குள் ஷார்ட் ஆனால், மற்ற இரண்டும் தங்கள் கரண்டை அதற்குள் தள்ளும்: 20.4 ஆம்ப். வெயில் உச்சத்துக்குக் கால் பங்கு சேர்த்தால் 25.5. லேபிள் அனுமதிப்பதோ 20. ஆகவே ஒவ்வொரு பேனலின் பாசிட்டிவிலும் தனித்தனி ஃபியூஸ். அளவு: ஷார்ட் கரண்டை 1.56-ஆல் பெருக்குங்கள். 10.2-க்கு 15.9 வரும், 16 ஆம்ப் ஃபியூஸ் போடலாம், லேபிளின் 20-ஐத் தாண்டவில்லை. சோலாருக்கென்று வரும் 10க்கு 38 மி.மீ. டிசி ஃபியூஸ்தான் வேண்டும். இரண்டு பேனல் பேரலலில் இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஒன்று கெட்டாலும் மற்றது தள்ளக்கூடியது 10.2தான், அதை பேனல் தாங்கும்.

கூரை வேலை

பேனலுக்கும் கூரைத் தகட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்று போக வேண்டும். ஒட்டிப் பதித்தால் சூடு வெளியேறாமல் வாட் குறையும். பிராக்கெட்டுக்கு சிக்காஃப்ளெக்ஸ் 252 மாதிரி கட்டுமான ஒட்டுப்பசை நல்லது. சாதாரண பாத்ரூம் சிலிக்கானை இதற்கு நினைக்கவே வேண்டாம். ஒட்டும் இடத்தைத் தேய்த்து, துடைத்து, பிரைமர் போட்டு ஒட்டுங்கள். காற்று முட்டும் முன்பக்க பிராக்கெட்டுகளுக்கு மட்டுமாவது போல்ட்டும் போடுங்கள். ஒட்டியபின் இரண்டு நாளாவது வண்டியை எடுக்க வேண்டாம்.

கேபிள் உள்ளே இறங்கும் ஓட்டைக்கு தண்ணீர் புகாமல் கேபிளைப் பிடிக்கும் இரட்டை கேபிள் கிளாண்ட் வைத்து, அதன் வாயை வண்டியின் பின்பக்கம் பார்க்க வைக்கவும். தகட்டை வெட்டிய ஓரத்துக்குத் துரு பிடிக்காத பெயின்ட் அடித்து, ஓட்டை விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் போட்ட பிறகே கேபிளை நுழைக்க வேண்டும். உள்ளே கன்ட்ரோலர் வரைக்கும் நெளி பைப்புக்குள் ஓட்டுங்கள். வண்டி ஆடிக்கொண்டே இருப்பது, தகட்டு விளிம்பில் உரசும் வயர் எத்தனை தடிமனாக இருந்தாலும் ஒருநாள் தோல் உரியும்.

கேபிள் சோலாருக்கானதாக இருக்கட்டும்: ஈயம் பூசிய, மெல்லிய இழைகள் கொண்ட செம்பு, இரட்டை உறை, வெயில் தாங்குவது. ஈஎன் 50618 என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 4 ஸ்கொயர் வயர் மிச்சம் இருக்கிறது என்று கூரையில் போட்டால் அதன் பிவிசி தோல் வெயிலில் வெடித்துப்போகும்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றம் எதுவும் செய்வதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். ஓட்டை போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எம்சி4 கனெக்டர்

சோலார் கேபிள்களைச் சொருகிச் சேர்க்கும் கனெக்டர் இது. இங்கே அவசரப்படக் கூடாது. கேபிளின் தோலை சுமார் 7 மி.மீ. உரித்து, ஒரு இழைகூட அறுபடாமல் பார்க்கவும். கனெக்டரின் உலோகப் பின்னுக்குள் செம்பு முழுதாகப் போனதா என்று அதன் பக்கவாட்டு ஓட்டையில் தெரியும். எம்சி4-க்கான கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய பின் பார்க்கச் சரியாக இருக்கும், பத்து ஆம்ப் ஓடும்போது சுடும். அழுத்தியபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் பின்னைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அப்புறம் பின்னைக் கூட்டுக்குள் தள்ளினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகே பின்னால் உள்ள நட்டை முறுக்கவும், இல்லாவிட்டால் பின் உள்ளே நகர்ந்து பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும்.

ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரை இன்னொரு கம்பெனியின் பெண் கனெக்டரில் சொருக வேண்டாம். பொருந்தும், ஆனால் உள்ளே உலோகம் ஒரே அளவு இருக்காது, காலப்போக்கில் உருகும். பேனலோடு வந்த கனெக்டர் எந்தக் கம்பெனி என்று பார்த்து அதையே வாங்குங்கள்.

வேலை நடக்கும்போது பேனலை அட்டையாலோ தடித்த போர்வையாலோ மூடிவிடுங்கள். பகலில் பேனலை அணைக்க வேறு வழியில்லை. கரண்ட் ஓடும்போது கனெக்டரை உருவினால் டிசி தீப்பொறி நீளமாக இழுக்கும்.

ஐசோலேட்டர்

கன்ட்ரோலருக்கு முன்னால் பேனல் லைனை நிறுத்த ஒரு ஸ்விட்ச் வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்து வெட்டும் இரட்டைத் துருவ டிசி ஐசோலேட்டர் சரியானது. வீட்டு எம்சிபி கூடாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானாக அணைகிறது. டிசியில் அந்த இடைவெளி கிடையாது. டிசி எம்சிபி வாங்கினாலும் மேலே பிளஸ், மைனஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒரு திசைக்கானது. திருப்பி மாட்டினால் வெட்ட வேண்டிய நேரத்தில் அதுவே எரியும்.

கார் பாகங்கள் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸை இந்த லைனில் போடுபவர்களும் உண்டு. அவை 32 வோல்ட்டுக்கானவை. நம் லைனில் 48 வோல்ட்.

பேட்டரி பக்கம்

இனி வருவதை அவசரமாகப் படிக்க வேண்டாம். கரண்ட் போகும் வரிசை இது: பேட்டரி பாசிட்டிவ், மெயின் ஃபியூஸ், மெயின் ஸ்விட்ச், பாசிட்டிவ் பஸ்பார் (பல வயர்கள் ஒன்றாகச் சேரும் உலோகப் பட்டை). பஸ்பாரிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒரு கிளை, இன்வெர்ட்டருக்கு ஒரு கிளை, விளக்கு, ஃப்ரிட்ஜ், பம்புக்கு ஃபியூஸ் பாக்ஸ் வழியாக ஒரு கிளை. ஒவ்வொரு கிளையும் தன் வயருக்கேற்ற ஃபியூஸோடுதான் பஸ்பாரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். படகுகளுக்கான அமெரிக்க ஏபிஒய்சி விதி 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர் என்கிறது. வேனுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் அந்தத் துண்டு வயருக்குப் பாதுகாப்பே கிடையாது என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

அளவு: 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில், 90 சதவீதத் திறனோடு, சுமார் 93 ஆம்ப் இழுக்கும். 1.25-ஆல் பெருக்கினால் 116. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 125. அதற்கு 35 ஸ்கொயர் எம்எம் வயர். பேட்டரியின் பிஎம்எஸ் தொடர்ந்து 100 ஆம்ப் தருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனி ஃபியூஸ் விதிக்கு ஒரு விலக்கு: இன்வெர்ட்டர் கிளைக்கும் அதே 35 ஸ்கொயர் வயரே போனால் 125 ஆம்ப் மெயின் ஃபியூஸ் அதையும் சேர்த்துக் காக்கும்.

அளவைவிட முக்கியம் வகை. ஒரு ஃபியூஸ் எத்தனை ஆம்ப் ஷார்ட் வரைக்கும் வெடிக்காமல் வெட்டும் என்று ஒரு எண் உண்டு. சாதாரண பிளேடு ஃபியூஸுக்கு அது 1,000 ஆம்ப். நம் பேட்டரி 3,000-ஐத் தாண்டும் என்று மேலே பார்த்தோம். அந்த இடத்தில் பிளேடு ஃபியூஸ் எரிந்தாலும் அதன் உள்ளே தீப்பொறி நிற்காமல் கரண்ட் தொடரலாம். பேட்டரி டெர்மினலிலேயே மாட்டும் எம்ஆர்பிஎஃப் ஃபியூஸ் 12 வோல்ட் அமைப்பில் 10,000 ஆம்ப் வரை வெட்டும். கிளாஸ் டி (ஆங்கில T) ஃபியூஸ் 20,000 வரை. ஒற்றை 100 ஆம்ப் அவர் பேட்டரிக்கு முதல் வகை போதும். இரண்டு மூன்று பேட்டரியைச் சேர்க்கும் எண்ணமிருந்தால் கிளாஸ் டி-க்குச் செலவழியுங்கள். வேனில் நான் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது என்று நினைக்கும் ஒரே பொருள் இதுதான்.

கன்ட்ரோலர் கிளை: 400 வாட்டை 13.3-ஆல் வகுத்தால் 30 ஆம்ப். 1.25-ஆல் பெருக்கினால் 37.5, ஆகவே 40 ஆம்ப் மிடி ஃபியூஸ் (போல்ட் போட்டு மாட்டும் வகை), பஸ்பாரை ஒட்டி. "சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்துதானே வருகிறது, ஃபியூஸ் ஏன் பஸ்பார் பக்கம்?" என்று கேட்கத் தோன்றும். வயர் நசுங்கினால் கன்ட்ரோலர் 30 ஆம்ப்தான் தரும். பேட்டரி எதிர்த்திசையில் பாய்ந்து ஆயிரக்கணக்கில் தரும். வயர் 10 ஸ்கொயர் எம்எம், ஒரு மீட்டர் தூரத்தில். அதில் இழப்பு 0.11 வோல்ட், பரவாயில்லை.

மற்ற கிளைகளுக்கு வயரின் தடிமன்தான் ஃபியூஸின் உச்சவரம்பு. 1 ஸ்கொயருக்கு 10 ஆம்ப், 1.5-க்கு 15, 2.5-க்கு 20, 4-க்கு 30 என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. அதற்குக் குறைவாகப் போடலாம், கூடுதலாக அல்ல. எல்.இ.டி விளக்கு லைனுக்கு 5 ஆம்பே ஏராளம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு 15 ஆம்ப் ஃபியூஸ், ஆனால் வயர் 4 ஸ்கொயர்; வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் அது நின்றுவிடும்.

நெகட்டிவ் எல்லாம் ஒரு நெகட்டிவ் பஸ்பாருக்கு வரட்டும். அங்கிருந்து வண்டியின் சேஸிஸுக்கு ஒரே ஒரு இடத்தில் தடித்த வயர். பேனலின் நெகட்டிவ் மட்டும் நேராகக் கன்ட்ரோலருக்குப் போக வேண்டும்; அதை வழியில் சேஸிஸில் சேர்க்காதீர்கள்.

இறுக்கம்

எரியாத ஃபியூஸோடு உருகிப்போன ஃபியூஸ் ஹோல்டரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாஸ்டிக் காபிப்பொடி நிறத்துக்கு மாறியிருக்கும், உள்ளே ஃபியூஸ் மட்டும் புதிதுபோல இருக்கும். ஷார்ட் எதுவும் ஆகவில்லை; லூஸ் கனெக்ஷன். ஒரு மூட்டில் 0.01 ஓம் மின்தடை இருந்து 30 ஆம்ப் ஓடினால் அங்கே 9 வாட் சூடு பிறக்கும், அதுவும் ஒரு மிளகு அளவு இடத்தில். கரண்ட் அளவு மாறாததால் ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது.

வயர் நுனியில் வரும் லக்கை (போல்ட்டில் மாட்டும் ஓட்டையுள்ள உலோக முனை) ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்தி, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். கன்ட்ரோலர் டெர்மினலில் நுழையும் மெல்லிழை வயருக்கு ஃபெரூல், அதாவது இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல், போடுங்கள். இழைகளை சால்டர் செய்து திருகினால், சால்டர் மெல்ல அமுங்கி சில மாதத்தில் திருகு தளர்ந்துவிடும். பஸ்பார் போல்ட்டில் லக் நேராகச் செம்பின் மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலேதான். லக்குக்கு அடியில் வாஷர் வைப்பது அடிக்கடி கண்ணில் படும் தவறு.

உயிர் கொடுக்கும் வரிசை

எல்லா ஃபியூஸையும் கழற்றி வைத்துத் தொடங்கவும். மல்டிமீட்டரில் பேனல் லைனைப் பாருங்கள்: 45 முதல் 49 வோல்ட் வரை, பிளஸ் சரியான பக்கம். மைனஸ் குறி காட்டினால் எங்கோ கனெக்டர் மாறியிருக்கிறது. 24 மட்டும் காட்டினால் ஒரு பேனல் சேரவில்லை. ஐசோலேட்டரை ஆஃபில் வைத்துவிட்டு பேட்டரியை முதலில் கன்ட்ரோலருக்குக் கொடுங்கள்: மெயின் ஃபியூஸ், மெயின் ஸ்விட்ச், பிறகு 40 ஆம்ப் ஃபியூஸ். கன்ட்ரோலர் பேட்டரி 12 வோல்ட் என்று கண்டுகொண்டதும் ஐசோலேட்டரை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி.

செட்டிங்கில் லித்தியம் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் (நிரப்பி முடிக்கும் வோல்ட்டேஜ்) 14.2, ஃப்ளோட் (நிரம்பியபின் தாங்கிப் பிடிக்கும் வோல்ட்டேஜ்) 13.5 பொதுவாகச் சரி, பேட்டரி கம்பெனி வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. மலைக்குப் போகிறவர்கள் குளிர் கட்ஆஃபை 5 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல மத்தியான வெயிலில், பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது கடைசிச் சோதனை. கன்ட்ரோலர் 25 ஆம்புக்கு மேல் தள்ளட்டும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை லக்கிலும் மறுமுனையை அது உட்கார்ந்திருக்கும் போல்ட்டிலும் தொடுங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது. 50 காட்டினால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்குங்கள். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு மூட்டுக்கும் அருகே கேபிளின் தோலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு எங்கும் இருக்கக் கூடாது.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், நம் ஊர்ச் சாலையில் ஏதாவது ஒன்று நிச்சயம் தளர்ந்திருக்கும். ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸ் உபரியாக டேஷ்போர்டில் கிடக்கட்டும். எரிந்த ஃபியூஸின் இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டும் வீட்டுப் பழக்கத்தை வேனுக்குக் கொண்டுவர வேண்டாம். புதியதைப் போட்டதும் அதுவும் எரிந்தால் மூன்றாவதைப் போடாமல் அந்தக் கிளையின் வயரை முனையிலிருந்து முனை வரை கையால் தடவித் தேடுங்கள். பெரும்பாலும் குரோமெட் இல்லாமல் தகட்டைக் கடந்த இடத்தில்தான் அகப்படும்.